உப்புத்தாளில் ட, ப, ம

பென்சில் முனை மூன்றாவது தடவை உடைந்தபோதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் புடைப்பு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எங்கெங்கே கோடு போட்டிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. மகளுக்கு அப்போது நாலு வயதும் இரண்டு மாதமும். 'அ' எழுதச் சொல்லி உட்கார வைத்திருந்தேன். ஐந்து விரலாலும் பென்சிலை உலக்கை மாதிரிப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பத்து நிமிடம் போராடினாள். "கை வலிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பல வருடம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவளுக்கு எழுத்து தெரியாம இல்லடா. எந்தப் புத்தகத்தில காட்டினாலும் 'அ'ன்னு சொல்றா. கைதான் இன்னும் அங்க வரலை. தோளு எழுதுது, விரல் எழுதலை. நல்லாப் பாரு" என்றார்.

மறுநாள் பார்த்தேன். உண்மைதான். கோடு கீழே இறங்கும்போது தோள் இறங்குகிறது, வலப்பக்கம் போகும்போது முழங்கை போகிறது. மணிக்கட்டு கட்டுப்போட்ட மாதிரி அசையாமல் இருக்கிறது. விரல்களுக்குப் பென்சிலை நழுவவிடாமல் இறுக்குவது ஒன்றுதான் வேலை. குழந்தையின் கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, கடைசியாகத்தான் விரல் நுனிக்கு வருகிறது. மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. கடைசி எலும்பு தலைகாட்ட 8 வயதோ அதற்கு மேலோ ஆகிவிடும். எழுத்தைக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை, விரலைப் பழக்குவது இன்னொரு வேலை. நான் இரண்டையும் ஒரே பென்சிலின் தலையில் கட்டியிருந்தேன்.

சரி, பென்சிலை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தாயிற்று. எழுத்தை விடவில்லை. அடுத்த பத்துப் பதினோரு வாரம், அதில் பாதிக்கு மேல் பென்சிலே இல்லாமல், எழுத்து வைத்து என்னென்ன செய்தோம், எது சொதப்பியது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் வரிசையை மாற்றினேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 சீட்டு. தரையில் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றையும் நானே மெதுவாக எழுதி, கை எத்தனை திருப்பம் திரும்புகிறது என்று பார்த்தேன். 'அ' எவ்வளவு கஷ்டமான எழுத்து என்பது அப்போதுதான் உறைத்தது. சின்னச் சுழி, அதிலிருந்து ஒரு பெரிய வளைவு, பிறகு வலப்பக்கம் ஓடும் கோடு, கடைசியில் ஒரு நெடுக்குக் கோடு. நாலு விதமான அசைவு, நடுவில் எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் வேறு. முதல் எழுத்து என்பதால் அதையே முதலில் எழுத வைக்கிறோம். நாக்குக்கு அது சுலபம், கைக்கு இல்லை.

'ட' அப்படியில்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு, முடிந்தது. 'ப' என்றால் அதோடு மேலே ஏறும் ஒரு கோடு. 'ம' என்றால் அந்த ஏறுகிற கோடு உள்பக்கமாக வளைந்து இறங்கும். குழந்தைகள் பார்த்து வரையும் வரிசையும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது: நெடுக்குக் கோடு 2 வயது வாக்கில், படுக்கைக் கோடு அதற்குக் கொஞ்சம் பின்னால், வட்டம் 3 வயதையொட்டி, கூட்டல் குறி 4-இல், சதுரம் 4-ஐத் தாண்டி, முக்கோணம் 5-இல். ஒரு மாதம் முன்பின் இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் வட்டத்தையே இப்போதுதான் மூடப் பழகியிருக்கும் கையிடம் 'ண' கேட்பது நியாயமில்லை. அதனால் ட, ப, ம, ய, ர முதல் கூடை. க, ச, த, வ, ல இரண்டாவது. சுழியும் குறுக்கு வெட்டும் உள்ள அ, இ, ஞ, ண, ழ கடைசிக் கூடை. ஃ மட்டும் எந்தக் கூடையிலும் சேராமல் தனியாக நின்றது. மூன்று புள்ளி. பின்னால் அதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்த எழுத்து ஆனது.

அடுத்தது உப்புத்தாள் எழுத்து. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பிரபலமான உத்தி இது. சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டிவிட்டால், விரல் பாதை மாறியது விரலுக்கே தெரியும். பக்கத்தில் நின்று "தப்பு, தப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேட்க எளிது. வெட்டும்போதுதான் தெரியும். உப்புத்தாளில் எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும். முதலில் கையில் கிடைத்த 80-ஐ எடுத்தேன். என் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்ததும் சிவந்துவிட்டது. 120 சரியாக இருந்தது. 220 வரை போனால் அட்டைக்கும் எழுத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், இரண்டு எழுத்து முடிவதற்குள் கத்தரி மொட்டையாகிவிடும். தாளைக் கவிழ்த்து, பின்பக்கம் கோடு வரைந்து, பழைய கட்டர் பிளேடால் கீறி எடுப்பதுதான் வழி.

நானும் அப்படித்தான் செய்தேன். பின்பக்கம் அழகாக வரைந்து, ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து, முதல் இரண்டு கூடை எழுத்துகளையும் ஃ-ஐயும் வெட்டினேன். முன்பக்கம் திருப்பினால் எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறிக் கிடக்கிறது. பின்பக்கம் வரைந்தால் புரட்டி வரைய வேண்டும் என்கிற சின்ன விஷயம் மண்டையில் ஏறவே இல்லை. பதினோரு எழுத்தில் தப்பித்தவை 'ப'வும் 'ஃ'வும்தான், அவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான் என்பதால். 'ட'வும் 'ம'வும் வேற்றுமொழி எழுத்துப் போல என்னைப் பார்த்தன. மறுநாள் காலையில் அத்தை பார்த்துவிட்டு, "எழுத்துப் பழகுறது யாரு, நீயா அவளா?" என்றார்.

இரண்டாவது முறை, எழுத்தை முதலில் மெல்லிய தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும் கோட்டைப் பின்பக்கமும் வரைந்து, அந்தத் தாளை அச்சாக வைத்து வெட்டினேன். எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர். கோட்டின் அகலம் 12 மில்லிமீட்டர் வைத்துவிட்டேன். மாண்டிசோரி முறையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து ஓட வேண்டும், அதற்கு இந்த அகலம் போதாது. எங்கள் வீட்டில் ஒரு விரல்தான். மறுபடி வெட்டும் தெம்பு இல்லை.

பசை தடவியதும் மெல்லிய அட்டை வளைந்து படகு மாதிரி ஆகிவிட்டது. கனமான அட்டையும், மேலே ஒரு ராத்திரி முழுக்க நாலைந்து தடிப் புத்தகமும் வைத்தால் சரியாகிவிடுகிறது. தொடங்கும் இடம் தெரிய ஒரு பச்சைப் பொட்டு ஒட்டினேன். அதைச் சுரண்டி எடுத்துத் தன் நகத்தில் ஒட்டிக்கொண்டாள். பிறகு அதே இடத்தில் கெட்டியான பசை ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் மேடாக நிற்கும்படி செய்தேன். விரல் அந்த மேட்டைத் தேடிப்போய் நின்றுகொள்ளும். அங்கிருந்து ஓடும்போதே எழுத்தின் ஒலியையும் சொல்லுவாள். ஒரு தடவைக்கு மூன்று அட்டை, ஐந்து நிமிடம். அவள் "போதும்" என்று சொல்வதற்கு முன்னால் நானே எடுத்துவைத்துவிடுவேன். இந்த ஒரு தந்திரத்துக்கு நிறைய பலன் இருந்தது.

விரலால் தடவிய எழுத்தை உடனே எழுதிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் கறுப்புத் தாள் விரித்து, அதன்மேல் உப்பைப் பரப்பினேன். முதலில் ஒரு விரல் ஆழத்துக்குக் கொட்டிவிட்டேன். கோடு போட்டதும் இரண்டு பக்கமும் சரிந்து மூடிக்கொண்டது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். அப்போதுதான் விரல் போன தடத்தில் கறுப்பு பளிச்சென்று தெரியும். மூன்றாம் நாள் அவள் விரலில் இருந்த ஒரு சின்னக் கீறலில் உப்புப் பட்டு, அழுது, அதோடு உப்புத் தட்டின் கதை முடிந்தது. கழுவிக் காயவைத்துச் சலித்த மணலுக்கு மாறினோம். தட்டை லேசாகக் குலுக்கினால் அழிந்துவிடும். அழிப்பது எழுதுவதைவிடப் பிடித்துப்போய், அழிப்பதற்காகவே எழுத ஆரம்பித்தாள். எனக்கென்ன, எழுதினால் சரி.

இதில் எதுவுமே விரலுக்குப் பலம் தராது. தடவுவதும் மணலில் கோடு கிழிப்பதும் பாதையை நினைவில் வைக்கத்தான். பலத்துக்கு மாவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் விளையாட்டு மாவு தயார். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கியது. உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாவில் அவள் கை படிப்படியாக மாறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வாரம் உள்ளங்கையால்தான் உருட்டினாள், பாம்பு மாதிரி ஒன்று வரும், நடுவில் தடிமனாக, இரண்டு முனையும் வாலாக. அதை எடுத்து அட்டையில் இருக்கும் 'ட' மேல் வைப்பாள், மூலையில் மடக்கும் இடத்தில் பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தை ஒட்டவைக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ள வேண்டும். அங்கேதான் நான் தேடிய அசைவு இருந்தது. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, மாவு பிய்ந்ததால் வந்தது. மூன்றாவது வாரம் மூலையில் முன்கூட்டியே கிள்ளி வைத்துவிட்டுத்தான் மடக்குவாள். அப்புறம் ஒரு நாள் மூன்று சின்ன உருண்டை உருட்டி, ஒவ்வொன்றையும் விரல் நுனியால் அமுக்கி, "ஃ செஞ்சிட்டேன்" என்று காட்டினாள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உள்ளங்கையில் வைத்து உருட்டவில்லை, மூன்று விரல் நுனிக்கு நடுவில் வைத்து உருட்டியிருந்தாள். பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்தான்.

அந்தப் புரண்டுபோன உப்புத்தாள் எழுத்துகளைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு உறையில் வைத்திருந்தேன். மாவைப் பார்த்ததும் மூளையில் மணி அடித்தது. புரண்ட எழுத்தை மாவில் அழுத்தினால் தடம் நேராகத்தானே விழும்? முத்திரை செய்பவர்கள் புரட்டித்தானே வெட்டுகிறார்கள்! ஒவ்வொரு எழுத்தையும் நாலு அடுக்கு அட்டையில் ஒட்டி, ஓரத்தை வெட்டி, பின்னால் பிடிப்பதற்கு ஒரு மூடியை ஒட்டினேன். மூடி சின்னதாக இருந்ததால் விரல் நுனியால் மட்டுமே பிடிக்க முடியும். சொரசொரப்பான 'ம' மாவில் அழகாகப் பதிந்தது. எல்லாத் தப்பும் இப்படி உபயோகப்படாது, இது ஏதோ பட்டுவிட்டது.

துணி கிளிப் வைத்து எழுத்துப் பொருத்துவதையும் செய்தோம். அட்டையின் ஓரத்தில் எழுத்துகள், கிளிப்பில் அதே எழுத்து, தேடி மாட்ட வேண்டும். புது கிளிப்பின் ஸ்பிரிங் ரொம்பக் கடினம். முழுக் கையாலும் அமுக்கினாள், அதில் பயனில்லை. பழையதாகித் தளர்ந்த கிளிப்புகளே இதற்கு ஏற்றவை. மணி கோப்பதும் நல்ல பயிற்சிதான், ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் வேண்டாம். விழுங்கும் ஆபத்தைச் சோதிக்க பொம்மைத் தர விதிகள் வைத்திருக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்குகிற எதுவும் அந்த வயதுக்கு ஆகாது.

ஐந்தாவது வாரம் தாளை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக் கதவில், அவள் கண் மட்டத்துக்கு ஒட்டினேன். அத்தை சொன்ன யோசனை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நின்றுகொண்டு செங்குத்தான தாளில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் சாய்கிறது, கட்டைவிரல் திறந்துகொள்கிறது. மேஜையில் எத்தனை தடவை சொல்லியும் வராத நிலை அது. தோளுக்கும் வேலை கிடைக்கிறது.

கிரேயானை உடைத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டை ஐந்து விரலால் பிடிக்கவே முடியாது, இடமில்லை. அழகான புதுக் கிரேயானை நான் உடைப்பதைப் பார்த்து அவள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. பழைய துண்டுகளாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் விரிந்துகொண்டு நின்றதற்கு இன்னொரு வைத்தியம்: ஒரு பஞ்சு உருண்டையை அந்த இரண்டு விரலுக்குள் ஒளித்துவைத்துக்கொள்ளச் சொல்வது. "முயல் தூங்குது, எழுப்பிடாதே" என்றேன். அந்த இரண்டு விரல் மடங்கி நிலையாக நின்றால்தான் மற்ற மூன்றும் சுதந்திரமாக அசையும். முயலுக்காக ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

நாற்காலியைக் கடைசியில்தான் கவனித்தேன், முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் உடம்பு நிலைக்காது, உடம்பு நிலைக்காவிட்டால் கை இறுகும். ஒரு பழைய பெட்டியைக் கால் வைக்கப் போட்டதும் பாதி நெளிதல் நின்றுவிட்டது.

ஏழாவது வாரம் பென்சில் இறங்கி வந்தது, தடிமனான முக்கோணப் பென்சில். அதோடு நான் செய்த தப்பு, புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் பயிற்சித்தாள் ஒரு கட்டு கொடுத்தது. பத்து 'ட' வரிசையாகப் போட்டாள், அச்சு மாதிரி. அதே பக்கத்தின் கீழே வெற்றிடத்தில் ஒரு 'ட' போடச் சொன்னேன். விழித்தாள். புள்ளியைத் தொடர்வதில் அடுத்த புள்ளிக்குப் போவது மட்டும்தான் வேலை, எழுத்து மனத்தில் இருக்கத் தேவையே இல்லை. கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு பிறகு கண்ணில் பட்டது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள், எழுத்துகளைச் சிலவற்றைக் கையால் எழுதியும், சிலவற்றைத் தடத்தின்மேல் வரைந்தும், சிலவற்றைத் தட்டச்சு செய்தும் பழகினார்கள். பிறகு எழுத்தைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தால், வாசிப்புக்கான பகுதிகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துக்குத்தான் நன்றாக வேலை செய்தன. கோணல்மாணலாக இருந்தாலும் சொந்தமாகப் போட்ட கோட்டுக்கு மதிப்பு அதிகம். அன்றிலிருந்து புள்ளித்தாள் ஒரு வரிதான், மீதி வெற்றுத்தாள்.

எழுத்துக்கு நடுவில் கை மாற்றுகிறாளே என்று ஒரு கட்டத்தில் கவலைப்பட்டேன். 4 வயதுக்கும் 6 வயதுக்கும் நடுவில்தான் பல குழந்தைகளுக்கு ஒரு கை நிலைக்கிறது. பென்சிலை அவளுக்கு நேர் எதிரே, நடுவில் வைத்துவிடுவேன், எந்தக் கை எடுக்கிறதோ எடுக்கட்டும். பெரும்பாலும் வலது எடுக்கிறது. இடதாக இருந்திருந்தால் தாளை மறுபக்கம் சாய்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வயது தாண்டியும் பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது எல்லாமே சிரமமாக இருக்கும் குழந்தையென்றால் வீட்டில் மாவு உருட்டிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடமோ, இப்படிப்பட்ட அன்றாடக் கைவேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ காட்டிவிடுவது நல்லது.

இப்போது பதினோராவது வாரம். பிடி இன்னும் நிலைக்கவில்லை. காலையில் மூன்று விரல், சாயங்காலம் களைத்துவிட்டால் மறுபடி உலக்கை. தாளில் ஓட்டை விழுவது மட்டும் நின்றுவிட்டது. போன வாரம் கதவுக்குப் பின்னால், சுவரில், ஒரு அடி உயரத்துக்கு 'பட்டம்' எழுதியிருந்தாள். ப, ட், ட, ம் நாலும் முதல் கூடை எழுத்துகளும் புள்ளியும். புள்ளிகளை மட்டும் தேவைக்கு மேல் நிறைய வைத்திருக்கிறாள், 'ட்' மேல் மூன்று. கேட்டால் "அது ஃ" என்கிறாள்.

கடைசிக் கூடை இன்னும் தொடவில்லை. 'இ'க்கு உள்ளே மூடிய இடம் இருப்பதால் உப்புத்தாளில் அந்த நடுத்துண்டை வெட்டி எடுக்கும்போது எழுத்தே பிய்ந்துவிடுகிறது. பசையால் எழுதி மணல் தூவிப் பார்த்தேன். பசை தண்ணியாக இருந்ததால் எழுத்து பரவி ஊதிப்போய்விட்டது. கெட்டிப் பசையில் இன்னொன்று போட்டு, தொடக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, புத்தகங்களுக்கு அடியில் காய்கிறது. நாளை காலையில் எடுக்க வேண்டும்.